விதி ஏழும் ஒரு குவளை சிரப்பும்

'விதி ஏழு: தேர்வுக் கூடத்தில் கைத்தொலைபேசி கூடாது. முன்கூட்டியே கடிதம் கொடுத்த நோயாளிகளுக்கு இது பொருந்தாது.'

பீடோங்கில் எங்கள் தேவாலயத்து ஞாயிறு பள்ளித் தேர்வுக்காக இந்த இரண்டு வாக்கியங்களையும் எழுதியவன் நான். அவற்றில் முதலாவதை மட்டும் நினைவில் வைத்திருந்தவனும் நானே. பணி ஓய்வு பெற்ற துணைத் தலைமையாசிரியருக்குக் கண்காணிப்பாளர் பதவி கிடைத்தால் இப்படித்தான் ஆகும். (சம்பளம் கிடையாது; அதனால்தான் அதிகாரத்தை இரண்டு மடங்காகச் செலுத்தினேன்.)

தேர்வு தொடங்கிக் கால் மணி நேரம் ஆகியிருக்கும். முன்வரிசையில் இருந்த பதினோரு வயது ஏஞ்சலின் பென்சில் பெட்டிக்குள்ளிருந்து கைத்தொலைபேசியை எடுத்துப் பார்த்தாள். நான் பறந்தேன்.

"சார், அது என்கிட்டயே இருக்கணும் சார்."

"ஏன், மோசே உனக்குப் போன் பண்ணுவாரா?"

அப்போதுதான் அவள் மேல்கையில் ஒட்டியிருந்த வெள்ளை வில்லை கண்ணில் பட்டது. ஒரு வெள்ளி நாணயம் அளவு. என் கணுக்கால் வரை சிலிர்த்தது. தொடையில் எழுதி வந்தவர்களைப் பிடித்திருக்கிறேன், காலணிக்குள் ஒளித்தவர்களைப் பிடித்திருக்கிறேன். தோலிலேயே ஒலிவாங்கியை ஒட்டிக்கொண்டு வேதாகமத் தேர்வுக்கு வந்த முதல் குற்றவாளி இவள்!

"இது சென்சார் சார். எனக்கு இனிப்புநீர் நோய். அம்மா லெட்டர்..."

"தேர்வு நேரத்தில் பேசக்கூடாது."

தொலைபேசியை என் மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன். சற்று நேரத்தில் இழுப்பறை அலறத் தொடங்கியது. அதன் மேல் வருகைப் பதிவேட்டை வைத்து அழுத்தினேன். (இதை எழுதும்போதுகூட வியர்க்கிறது.) நிமிர்ந்தால், ஏஞ்சலினும் வியர்த்துக்கொண்டிருந்தாள். முகம் வெளுத்து, பென்சில் பிடித்த கை நடுங்கியது. பிடிபட்ட பயம் என்று முடிவு கட்டினேன்.

கதவு படாரென்று திறந்தது. கூலிமில் தொழிற்சாலை வேலை முடித்து, சீருடையோடு வெளியே காத்திருந்த அவள் அம்மா மேரி.

"சார்! பிள்ளைக்கு சுகர் லோ ஆவுது! என் போன்ல மூணு புள்ளி ஒண்ணு காட்டுது, இன்னும் கீழ போவுது. அவ போன் எங்க?"

இழுப்பறைதான் பதில் சொன்னது.

சாவியை எடுத்தேன். அது துவாரத்துக்குள் போகவில்லை. கூடத்தின் பின்னால் தேநீர் மேசையருகே இருந்த என் மனைவி ரோஸ், சிறப்பு விருந்தினருக்கென்று மூடி வைத்திருந்த இனிப்பான சிவப்புச் சிரப் பானக் குவளையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள்.

"அது பாதிரியாருக்கு..." என்றேன். அந்த நிலையிலும்.

"தள்ளுங்க லா!"

ஏஞ்சலின் குடித்தாள். பதினைந்து நிமிடம் கழித்து மேரி தன் திரையைப் பார்த்து, "ஏறுது" என்றாள். நான் உட்கார்ந்தேன். நாற்காலி இருந்தது என் அதிர்ஷ்டம்.

"ரெண்டு வாரத்துக்கு முன்னாடியே லெட்டர் குடுத்தேனே சார்?"

கொடுத்திருந்தாள். என் கோப்பில் 'திருப்பி அனுப்புக' பகுதியில் பத்திரமாக இருந்தது. 'பெர்காரா' என்ற மலாய்ப் பொருள் வரி இல்லாத கடிதத்தை நான் படிப்பதில்லை. பிள்ளையின் உயிர் இரண்டாவது பத்தியில் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் ஏஞ்சலினுக்கு மன்னிப்புக் கடிதம் எழுதினேன். பெர்காராவுக்கு அடிக்கோடிட்டு, மேரிக்கும் ரோஸுக்கும் நகல் வைத்து, பதினான்கு நாளில் பதில் கேட்டேன். பதில் இல்லை. நினைவூட்டல் அனுப்பினேன். கடிதமே திரும்பி வந்தது, மூலையில் ஏஞ்சலின் பென்சிலில் எழுதிய ஒரு குறிப்போடு: 'கோடு கோணலாக உள்ளது. சரிசெய்து மீண்டும் அனுப்பவும்.'

அடிக்கோலை வைத்து இரண்டாம் முறை எழுதினேன். இன்றுவரை என் வீட்டில் நான் காப்பி கேட்டாலும் ரோஸ், "பெர்காரா எங்க?" என்கிறாள்.

'மன்னிப்பு ஏற்கப்பட்டது. அடுத்த தேர்வுக்குச் சிரப் நீங்கள் கொண்டு வரவும்' என்ற பதில் என் கைக்கு வந்த நாள், கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள்.