கோல்கீப்பரைத் துரத்திய எலுமிச்சம்பழம்

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு பக்கத்து டீக்கடையில் அந்த வாரம் ஒருத்தரும் சூடாக டீ குடிக்கவில்லை. வாங்கி வைத்துவிட்டுப் பேசினார்கள். ஆறியதும் இன்னொன்று சொன்னார்கள். டீ மாஸ்டருக்கு நல்ல வியாபாரம்.

விஷயம் இதுதான். மாவட்ட ஃபுட்பால் லீக் ஆரம்பிக்கப் போகிறது. அதற்கு முன்னால் நம்ம டீம் கோமுகி காளைகளுக்கு வெள்ளிமலையில் டிரெய்னிங் கேம்ப். மலை மேல் குளிர்ந்த காற்றில் ஓடவிட்டு உடம்பைத் தேற்றிக் கொண்டுவந்து, போன வருஷம் ஃபைனலில் நம்மைக் கவிழ்த்த தியாகதுருகம் டீமை இந்த வருஷம் கவிழ்க்க வேண்டும். கேம்பைப் பார்க்க சென்னையில் இருந்து ஒரு பெரிய கிளப்பின் ஆளும் வருகிறார். பிடித்திருந்தால் சம்பளத்துக்கு ஆள் எடுத்துக்கொள்வார். எல்லாருக்கும் தலைகால் புரியவில்லை.

"மிட்ஃபீல்டு இந்த வருசம் சூப்பரா கீது. டிஃபன்ஸுதான் ஓட்ட."

"ஓட்டன்னா சின்ன ஓட்டையா? ஃபைனல்ல ரெண்டு பேக்கும் ஆஃப்சைடு ஆஃப்சைடுன்னு கைய தூக்கிக்கினு லைன்மேன பாத்துக்கினு நின்னானுங்க. துருகத்துக்காரன் நடந்து போயி கோல் போட்டான்."

"கைய தூக்கறதுக்கு எதுக்குப்பா கேம்பு? அத வூட்லயே கத்துக்கலாம்."

இப்படி நியாயமாகப் பேசிக்கொண்டிருந்தவர்கள்தான். எலுமிச்சை சாமி வந்து சேர்ந்தார். அன்றோடு யோசிக்கிற வேலை மிச்சம்.

சாமியைக் கூட்டிவந்தவர் ரைஸ் மில் கண்ணாயிரம். சாமி இமயமலையில் தவம் செய்தவர் என்று அவர் சொன்னார். சாமி கையில் இருந்தது ஆத்தூர் ஜவுளிக்கடைப் பை. வருகிற வழியில் ஆத்தூரிலும் கொஞ்சம் தவம் செய்திருப்பார் போல.

சாமி இறங்கியது ரசிகர் மன்றத் தலைவர் தெய்வசிகாமணி வீட்டில். சிமெண்டு கடைக்காரர். வீட்டை ஒட்டிய குடோனில்தான் வருஷா வருஷம் கேம்புக்கு முன்னால் ஜெர்சிப் படையல் நடக்கும். பழைய ஜெர்சிகளைத் துவைத்து வரிசையாக வைத்து, பொங்கல் வைத்து, கற்பூரம் காட்டிவிட்டு வேன் ஏறுவார்கள். இந்த வருஷம் படையலுக்கு முன்னாலேயே சாமி கடையை விரித்துவிட்டார்.

குடோன் கொள்ளவில்லை. சிமெண்டு மூட்டை மேலெல்லாம் ஜனம். ஃபுட்பாலுக்கு வந்தவர்கள் பாதி. மாடு காணாமல் போனவர், மாப்பிள்ளை அமையாதவர், குரூப் ஃபோர் ரிசல்ட் தெரிய வேண்டியவர் மீதி. எல்லாரும் ஆளுக்கொரு எலுமிச்சம்பழம் வாங்க வேண்டும். விற்றது சாமியின் ஆள். உண்டியல் தனி.

சாமிக்கு முன்னால் குட்டைக் கால் வைத்த ஒரு மரப்பலகை. மேலே சிவப்புத் துணி. அதற்கு மேல் ஒரு பெரிய பித்தளைத் தாம்பாளம். தாம்பாளத்தைச் சுற்றி ஜெர்சிகள். நடுவில் குங்குமம் வைத்த எலுமிச்சம்பழம். சாமி சம்மணம் போட்டு உட்கார்ந்து, கண்ணை மூடி, உடம்பை ஆட்டி ஆட்டி மந்திரம் சொன்னார். பழம் உருண்டது. யாரும் தொடவில்லை. தானாகவே உருண்டது. சாமி ஆடினால் பழம் ஆடுகிறது, சாமி நின்றால் பழம் நிற்கிறது. எல்லாரும் பழத்தைப் பார்த்தார்களே தவிர, சாமியை யாரும் பார்க்கவில்லை.

"கப்பு கெடைக்காம தடுக்கற சனி எங்க கீது, காட்டு தாயே" என்றார் சாமி.

பழம் ஒரு சுற்றுச் சுற்றியது. நேராகப் போய் ஒரு ஜெர்சி பக்கத்தில் நின்றது.

"பாருங்க, இத்தினி ஜெர்சியில இது மட்டும் வேற கலரு" என்றார் சாமி. "எல்லாம் நீலம். இது பச்ச. கூட்டத்துல சேராம தனியா நிக்கறவன். இவன்தான்."

"தெய்வமே" என்றார் கொளஞ்சியப்பன். ஒரு மேட்ச் விடாமல் பார்க்கிற ரசிகர். "வேற கலருன்னு எப்பிடி கண்டுபுடிச்சாரு பாரு."

ஐயா, அது கோல்கீப்பர் ஜெர்சி. உலகம் முழுக்க கோல்கீப்பர் ஜெர்சி வேற கலரில்தான் இருக்கும். கோல்கீப்பர் தனியாகத்தான் நிற்பான். இதைக் கண்டுபிடிக்க இமயமலை வேண்டாம், ஒரு டிக்கெட் போதும்.

அந்தப் பச்சை ஜெர்சிக்காரன் பெயர் இருசப்பன். வெள்ளிமலைப் பையன். சாமை விதைக்கிற குடும்பம். பிராக்டீஸுக்காக மலையில் இருந்து பஸ் பிடித்து இறங்கி வருகிறவன். போன சீசனில் அவன் தடுத்த பந்துகளால்தான் டீம் ஃபைனல் வரைக்கும் போனது. அந்த சென்னை ஆள் பார்க்க வருவதே முக்கியமாக இவனைத்தான் என்று கோச் வெங்கடேசனுக்குத் தெரியும். இந்தக் கேம்பை விட்டால் அவனுக்கு இன்னொரு வாய்ப்பு எப்போது என்று யாருக்கும் தெரியாது.

சாமி தீர்ப்புச் சொன்னார். இருசப்பன் கேம்ப் கிரவுண்டு பக்கம் காலை வைக்கக் கூடாது. வைத்தால் டீம் நாசம். அடுத்து பழம் அதிர்ஷ்டக்காரனைத் தேடியது. புத்தம் புது ஜெர்சி ஒன்றின் பக்கத்தில் நின்றது. அது கண்ணாயிரத்தின் பையன் சுபாஷ் ஜெர்சி. அவனும் கோல்கீப்பர்தான், ஆனால் இதுவரை மேட்சில் இறங்காததால் ஜெர்சி நீலம்தான். பந்து வந்தால் கண்ணை மூடிக்கொள்வான். கும்பிடுகிறான் என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஆக, கேம்ப் நடப்பது வெள்ளிமலையில். வெள்ளிமலைக்காரன் வெள்ளிமலைக்கு வரக் கூடாது.

இருசப்பன் எழுந்து நின்றான். "எங்க வூடு கிரவுண்டுக்கு எதுத்தாப்லதாங்க கீது. நான் எங்க போயி படுக்கறது?"

"பின்வாசல் வழியா பூந்துக்கோ தம்பி" என்றார் கொளஞ்சியப்பன்.

"பின்னால பள்ளங்க."

"டீமுக்காக இது கூட செய்ய மாட்டியா?"

கோச் வாயைத் திறந்தார். கேம்ப் செலவு மன்றத்தினுடையது, மன்றத்துக்குப் பாதி படியளப்பது கண்ணாயிரம். கோச் வாயை மூடிக்கொண்டார்.

இருசப்பன் யாரையும் பார்க்காமல் ஜெர்சியை எடுத்து மடித்தான். "அதுவும் இங்கயே இருக்கட்டும், பரிகாரம் பண்ணணும்" என்றார் சாமி. அவன் கீழே வைத்துவிட்டு வெளியே போனான்.

இதையெல்லாம் வாசலில் நின்று ஒருத்தர் பார்த்துக்கொண்டிருந்தார். தெய்வசிகாமணியின் மனைவி அம்சவள்ளி. டீமுக்கு அவரைவிடப் பெரிய ரசிகர் கிடையாது. ஃபைனலன்றைக்கு கைதூக்கி நின்ற இரண்டு பேரையும் கேலரியில் இருந்தே பேர் சொல்லித் திட்டியவர். சாமிக்கு மூன்று வேளை சமைப்பதும் இப்போது அவர்தான். துணி துவைப்பதும் அவர்தான்.

மறுநாள் துவைக்கும்போதுதான் அது நடந்தது. சாமி முட்டி வலிக்கு என்று வேட்டிக்கு உள்ளே ஒரு துணிப்பட்டை கட்டுவார். நம்ம பிளேயர்கள் போடுவார்களே, அதே நீ-கேப். துணிமூட்டையோடு அதையும் போட்டுவிட்டார். அம்சவள்ளி இரும்பு வாளி பக்கத்தில் கொண்டுபோனதும் டப்பென்று ஒட்டிக்கொண்டது. இழுத்தால் வரவில்லை. உள்ளே கனமாக, வட்டமாக ஏதோ வைத்துத் தைத்திருந்தது. பழைய ஸ்பீக்கர் காந்தம் மாதிரி.

புருஷனைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"இன்னாங்க இது? வாளிய கவ்விக்கினு வுட மாட்டேங்குது."

தெய்வசிகாமணி தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "அவரு ஒடம்பே காந்தம்டி. தவசக்தி. போடற துணியெல்லாம் காந்தமாயிடுது."

"அப்ப அவரு பனியன் மட்டும் ஏன் ஒட்டல?"

"அது காட்டன்."

அம்சவள்ளி நீ-கேப்பைக் காய வைத்து, மடித்து, பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தார். மற்ற துணிகளைக் கொடுக்கவில்லை.

வேன் கிளம்புகிற நாள் காலை. ஜெர்சிப் படையல். பொங்கல் வாசனை, மேளம், பிள்ளைகள் கையில் கொடி, வாசலில் வேன். நீல ஜெர்சிக் கூட்டம் கத்துகிற கத்தலில் குடோன் ஷீட்டு அதிர்ந்தது. இருசப்பனும் வந்திருந்தான். அம்சவள்ளி கூப்பிட்டிருந்தார். வாசலுக்கு வெளியேதான் நின்றான்.

அம்சவள்ளி ஐந்து மஞ்சப்பைகளைக் கொண்டுவந்து தாம்பாளத்தைச் சுற்றி வைத்தார். எல்லாம் வாய் கட்டிய பைகள்.

"சாமி, மலையேறதுக்கு முன்னாடி இன்னொரு வாட்டி கேட்டுடலாங்க. அஞ்சு பையிலயும் துணி வெச்சிருக்கேன்."

சாமி பையைப் பார்த்தார். "பிரிச்சி வெய்யும்மா."

"எதுக்குங்க? பாக்கறது நீங்க இல்லயே, பழம்தானே."

"அது... மூடி வெச்சா ஆத்தா கோச்சுக்குவா."

இங்கேதான் கொளஞ்சியப்பன் சாமியைக் காப்பாற்ற எழுந்தார். "இன்னாம்மா நீ, சாமிய சோதிக்கறியா? மூடுனா இன்னா, பூட்டுனா இன்னா? பூமிக்கு அடியில இருக்கறதே சாமிக்குத் தெரியும். பைக்குள்ள இருக்கறது தெரியாதா? சாமி, நீங்க காட்டுங்க. இந்தம்மா வாய அடைங்க."

"காட்டுங்க சாமி" என்றது கூட்டம். பக்தி முற்றிப்போன கூட்டம். சாமிக்குத் தப்ப வழியில்லை. அவரை மாட்டிவிட்டது நாத்திகன் இல்லை, பக்தர்கள்தான்.

சாமி கண்ணை மூடினார். முழுதாக மூடவில்லை. கோல்கீப்பர் ஜெர்சி முழுக்கை வைத்தது, கனமானது என்று கணக்குப் போட்டார். ஐந்தில் ஒரு பை மட்டும் உப்பிக்கொண்டிருந்தது. சாமி ஆடினார். பழம் உருண்டு உப்பின பையிடம் போய் நின்றது.

"அதே சனி" என்றார் சாமி. குரலில் தெம்பு வந்துவிட்டது. "இந்தத் துணிக்குச் சொந்தக்காரன் டீமுக்கு மட்டும் இல்ல, இந்த ஊருக்கே ஆவாது. இன்னிக்கே எல்லைய தாண்டணும்."

"தாண்டணும்" என்றார் கொளஞ்சியப்பன்.

"அதிர்ஷ்டக்காரன் யாருங்க?" என்றார் அம்சவள்ளி.

பழம் மறுபடி உருண்டது. புதுசு போல மொடமொடவென்று இருந்த சின்னப் பை ஒன்றிடம் நின்றது. "இவன் எறங்குனா கோல் மழதான். இவனுக்கு நெத்தியில எழுதியிருக்கு" என்றார் சாமி.

அம்சவள்ளி உப்பின பையை அவிழ்த்து உதறினார். காவி வேட்டி. ஓரத்தில் பீடி பட்ட ஓட்டை. அந்த ஓட்டையைத் தெரியாதவர்கள் குடோனில் இல்லை.

"அம்மா, இது என்னுது" என்றார் சாமி.

"தெரியுங்க. நான்தானே துவைக்கறேன்."

சின்னப் பையில் இருந்து சாமியின் பனியன் வந்தது. மூன்றாவது பையில் துண்டு. நாலாவதில் சாமியின் இன்னொரு வேட்டி. ஐந்தாவதில் சாமி வந்த அன்றைக்குப் போட்டிருந்த பேண்ட். ஐந்தும் சாமி துணி.

கொளஞ்சியப்பன் மெதுவாகச் சொன்னார்: "தன்னோட சனியவே தானே சொல்லிட்டாரு பாரு. அதாம்பா பெரியவங்க."

"செரிண்ணா" என்றார் அம்சவள்ளி. "வேட்டிக்காரன் ஊர வுட்டுப் போவணும். பனியன்காரன் கிரவுண்டுல எறங்கி கோல் மழ பொழியணும். ரெண்டும் ஒரே ஆளு. நாம இப்ப இன்னா பண்றது, நீங்களே சொல்லுங்க."

குடோன் ஓரத்தில் யாரோ சிரித்தார்கள். அது தொற்றிக்கொண்டது. பிள்ளைகள் சிரித்தார்கள், மேளக்காரர் சிரித்தார், கோச் திரும்பி நின்று தோள் குலுங்கச் சிரித்தார். அம்சவள்ளி அந்தப் பழத்தை எடுத்துக் கத்தியால் கீறினார். குங்குமம் வைத்த இடத்தில் ஏற்கெனவே ஒரு கீறல் இருந்தது. உள்ளே இருந்து லாரி பால்ரஸ் இரும்புக் குண்டு ஒன்று தாம்பாளத்தில் விழுந்தது. ணங்.

"சாமி, கொஞ்சம் எழுந்திரிங்க. முட்டியில இன்னா இருக்குதுன்னு எல்லாரும் பாக்கட்டும்."

"முட்டி வலிம்மா. எழுந்திரிக்க முடியாது."

தெய்வசிகாமணி குண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். தவசக்தி கணக்கு அவருக்கும் இப்போதுதான் உதைத்தது போல. மெதுவாகப் பலகையைத் தூக்கினார். அதற்கு நேர் அடியில் சாமியின் முட்டி. சாமி எழுந்தார். எழுந்த வேகத்தில் பொங்கல் பானையைத் தாண்டி, மேளத்தைத் தாண்டி, வாசலுக்குப் போய், ரோட்டில் வந்த ஷேர் ஆட்டோவை ஓடியே பிடித்தார். பழம் விற்ற ஆள் அதற்கு முன்பே அதில் இருந்தான்.

கோச் பார்த்துக்கொண்டே சொன்னார்: "பனியன் சொன்னது பொய் இல்லப்பா. சென்டர் ஃபார்வர்டுக்கு வேண்டிய ஸ்பீடு இருக்குது."

எல்லாரும் கண்ணாயிரத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். கண்ணாயிரம் மேலே ஓடிய ஃபேனைப் பார்த்தார். அவர் பையன் சுபாஷ்தான் முதலில் பேசினான். "அப்பா, நான் அப்பவே சொன்னேன். எனக்கு பந்துன்னாலே பயம். என்ன வுட்டுடு." அந்தக் குடோனில் அன்றைக்கு உண்மை பேசிய அதிர்ஷ்டக்காரன் அவன்.

உண்டியல் இங்கேயே நின்றுவிட்டது. கேம்பில் முட்டைச் செலவுக்கு ஆச்சு.

தெய்வசிகாமணி பச்சை ஜெர்சியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். "ஏறு தம்பி, ஜன்னல் சீட்டு உனக்குத்தான்" என்றார்.

"எங்க ஊரு ரோடுதானேங்க. கண்ண மூடினாலும் தெரியும். ஜன்னல் சீட்ட சுபாஷுக்குக் குடுங்க, பாக்கட்டும்" என்றான் இருசப்பன். சுபாஷ் கேம்புக்குப் பாட்டுப் பாட வருவதாகச் சொல்லி ஏறிக்கொண்டான். சிரிப்பில் வேன் அதிர்ந்தது.

கிளம்புகிற நேரத்தில் கொளஞ்சியப்பன் குனிந்து நாலு டயருக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் வுடலயா நீங்க?" என்றார் அம்சவள்ளி.

"அது ஃபிராடு பழம்மா. இது கடையில வாங்குன பழம். நல்ல பழம்."

அம்சவள்ளி நாலையும் பொறுக்கினார். கழுவினார். நறுக்கி, குடத்துத் தண்ணீரில் பிழிந்து, உப்பும் சர்க்கரையும் போட்டுக் கலக்கி, முதல் டம்ளரை இருசப்பனுக்குக் கொடுத்தார், இரண்டாவதைக் கொளஞ்சியப்பனுக்கு. அந்த வாரம் முழுக்க அந்த ஊரில் எலுமிச்சம்பழம் செய்த உருப்படியான வேலை அது ஒன்றுதான்.

வேன் கிளம்பிவிட்டது. இனி கேம்ப் பற்றிப் பேசலாம், டிஃபன்ஸ் பற்றிச் சண்டை போடலாம், துருகத்துக்காரனைக் கிண்டல் பண்ணலாம். பிளேயர்கள் தலையால் பந்தை முட்டலாம் என்று ஃபுட்பாலில் ரூல் இருக்கிறது. ரசிகர்கள் தலையை உபயோகிக்கக் கூடாது என்று எந்த ரூலும் இல்லை.