இன்ஸ்பெக்டர் ஆன கரடி

"என்னது, வந்துட்டீங்களா?"

கரடியின் தலையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனில் அலறினார் துணைநடிகர். குழந்தைகள் படம், அவருக்குக் கரடி வேஷம். வீட்டில் மகளிடம் அளந்துவிட்டதோ இன்ஸ்பெக்டர் வேஷம். தினமும் சட்டையில் ஒட்டிவரும் பழுப்பு முடிக்கு, "போலீஸ் நாயோடதும்மா" என்று பதில் வைத்திருந்தார். மகள் கண்ணில் மட்டும் சின்ன ஆளாகிவிடக் கூடாது. அவரிடம் மிச்சமிருந்த கௌரவம் அவ்வளவுதான்.

"ஷூட்டிங் பார்த்தே ஆகணும்னு அடம்பிடிக்கிறா. கேட் கிட்ட நிக்கிறோம்" என்றாள் மனைவி.

இன்ஸ்பெக்டராக நடிப்பவர் வயிற்றுவலியென்று வேனில் படுத்துவிட்டார். அவருடைய உடுப்பு சும்மாதான் தொங்கியது. துணைநடிகர், வேஷ உடுப்புகளைத் தைக்கும் தையல்காரரின் கையைப் பிடித்தார்.

"அண்ணே, கொஞ்ச நேரம் கரடியா நில்லுங்க."

"எனக்கு நடிப்பு வராதுப்பா."

"எனக்கு மட்டும் வருதா?"

தொப்பி, கறுப்புக் கண்ணாடி, பாதி முகத்தை விழுங்கிய மீசை. நிலைக்கண்ணாடியில் அவருக்கே அவரை அடையாளம் தெரியவில்லை. பெருமையாக இருந்தது.

வெளியே வந்ததும் இயக்குநர் பிடித்துக்கொண்டார். "வயிறு சரியாப் போச்சா சார்? வாங்க, கரடியைத் துரத்துற ஷாட்."

வாயைத் திறந்தால் குட்டு உடைந்துவிடும். போனார்.

கேமரா ஓடியது. வசனம் தெரியாது. "நில்லு... கொஞ்சம் நில்லுங்க" என்று குரலை மாற்றிக் கரடியைக் கும்பிட்டார். லத்தி காலில் சிக்கிக் குப்புற விழுந்தார். தையல்காரரோ, தான் போட்ட தையலை நம்பாமல், பின்பக்கத்தைப் பொத்திக்கொண்டே ஓடினார். எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

"இத்தனை நாளா மரம் மாதிரி நின்ன கரடி, இன்னிக்குத்தான் நடிக்குது" என்றார் இயக்குநர்.

துணைநடிகருக்குச் சுருக்கென்றது. ஆனால் ஓரத்தில் மகள் கைதட்டிக்கொண்டிருந்தாள். அது போதும். எழுந்து, தொப்பியைச் சரிசெய்து, கைகளை விரித்தார்.

ஓடிவந்த மகள் அவரைத் தாண்டிப் போய்க் கரடியின் வயிற்றைக் கட்டிக்கொண்டாள்.

"சூப்பர்ப்பா! உங்க சட்டையில முடியைப் பார்த்தப்பவே நீங்கதான் கரடின்னு தெரியும். கிளாஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

பிறகு விழுந்தெழுந்த இன்ஸ்பெக்டரைத் திரும்பிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள்.

"பாவம்ப்பா, அந்த அங்கிளோட பிள்ளைங்க இதைப் பார்த்தா வெட்கப்பட மாட்டாங்களா?"