பின்பக்கம் பார்க்கவும்

நோதார் ஒரு முடிவுக்கு வந்தான். கல்யாணமான மூன்றரை வருஷத்தில் அவன் தானாக எடுத்த முதல் முடிவு அது. அதனால் யாரிடமும் சொல்லாமல் பத்திரமாக வைத்துக்கொண்டான்.

முடிவு இதுதான். ஜெர்மனியில் நிரந்தரமாகத் தங்கும் அனுமதியை அவன் தனியாகப் போய் வாங்கி வரப்போகிறான். கூட மனைவி வீப்கே வரமாட்டாள். வீப்கேயின் பச்சை ஃபைலும் வராது.

அந்த ஃபைலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஜார்ஜியாவிலிருந்து ஒரு பெட்டியோடு ஓல்டன்பர்குக்கு வந்து இறங்கியவன் நோதார். வந்த மறுநாளே வீப்கே அவனை ஃபைலில் போட்டுவிட்டாள். அவள் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவள்; எதற்கும் ஓர் இழுப்பறையும் ஒரு சீட்டும் வேண்டும். அவன் பிறந்தது, படித்தது, தடுப்பூசி போட்டது, அவளைக் கட்டிக்கொண்டது எல்லாவற்றிலும் இரண்டிரண்டு ஓட்டை குத்தி, வண்ணத் தாள் வைத்துப் பிரித்து வரிசையாக அடுக்கியிருந்தாள். அலுவலகத்துக்குப் போனால் பேசுவதும் அவள்தான். "உங்க கணவர் எந்த ஊர்ல பிறந்தார்?" என்று அதிகாரிகள் அவளிடம்தான் கேட்பார்கள். நோதார் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்பான். சிரிப்புக்கு மட்டும் அந்த நாட்டில் அனுமதி தேவைப்படவில்லை.

இதையெல்லாம் அவன் பொறுத்துக்கொண்டுதான் இருந்தான். கோச்சா வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் இன்னும் பொறுத்திருப்பான். கோச்சா அவன் ஊர்க்காரன். நோதார் வேலை பார்க்கும் அதே பஸ் பணிமனையில் பக்கத்து வண்டிக்கு அடியில் படுத்து வேலை செய்கிறவன்.

"டேய் நோதார், உன் ரத்தம் எந்த குரூப்புடா?"

"இரு, வீப்கேகிட்ட கேட்டுச் சொல்றேன்."

"உன் பேரு?"

"போடா!"

"இல்லடா, அதையும் ஃபைலப் பாத்துத்தான் சொல்லுவியோன்னு கேட்டேன்."

வண்டிக்கு அடியிலிருந்து வந்த சிரிப்பு பணிமனை முழுக்கக் கேட்டது. முடிவு பிறந்தது அங்கேதான்.

அந்த வாரமே குடியேற்ற அலுவலகத்திலிருந்து கடிதமும் வந்தது. இரண்டு வாரம் கழித்து, வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு நேரில் வரவும் என்று முன்பக்கத்தில் போட்டிருந்தது. நோதாருக்கு அது போதும். முன்பக்கத்தில் நல்ல செய்தி இருக்கும்போது தாளைத் திருப்பிப் பார்க்கிற பழக்கம் அவன் வம்சத்திலேயே கிடையாது. கடிதத்தை மடித்துப் பனிக்கால பூட்ஸுக்குள் திணித்தான்.

விளையாட்டான விஷயமில்லை இது. கையில் இருக்கும் அனுமதி அதற்கு மறுநாள் வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. தற்காலிக வேலை அடுத்த திங்கட்கிழமையிலிருந்து நிரந்தரமாகிறது. "திங்கக்கிழமை காலை ஏழு மணிக்குப் புது அனுமதிக் காகிதம் என் மேஜை மேல இருக்கணும். இல்லன்னா வேற ஆளப் போட்டுருவேன்" என்று பணிமனை மேலாளர் தெளிவாகச் சொல்லியிருந்தார். அந்த மனிதர் தமாஷுக்குப் பேசி யாரும் பார்த்ததில்லை.

வீப்கேயிடம் என்ன சொல்வது? அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை தேநீர் குடிக்கும்போது நோதார் தொண்டையைக் கனைத்தான்.

"வியாழக்கிழமை காலையில பத்து மணிக்கு எனக்குப் பல் டாக்டர்கிட்ட போகணும்."

வீப்கே கோப்பையைக் கீழே வைத்தாள். வைத்தே ஆக வேண்டிய செய்தி. பல் டாக்டரிடம் போனால் வருஷத்துக்கு ஒரு முத்திரை குத்தித் தருகிற சின்னப் புத்தகம் ஒன்று நோதாருக்கும் உண்டு. இரண்டு வருஷமாக அது வெறுமையாகக் கிடக்கிறது. அவள் எப்போது பேச்செடுத்தாலும், "முதல்ல நிரந்தர அனுமதி வரட்டும், அப்புறம் பல்லைப் பாத்துக்கலாம்" என்று நழுவிவிடுவான். பல்லுக்கும் அனுமதிக்கும் என்ன சம்பந்தம் என்று அவளும் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டாள்.

"நீயா? நீயாவே போறியா?"

"வலி தாங்கல."

"எந்தப் பக்கம்?"

"வலது பக்கம். கீழ. கடைவாய்ப் பல்லு."

"நீ இப்ப ரொட்டியை அந்தப் பக்கம்தானே மெல்லுற?"

நோதார் ரொட்டியை அவசரமாக இடது பக்கம் தள்ளினான்.

"வேணும்னா நானும் கூட வரட்டுமா?"

"எதுக்கு? நான் என்ன சின்னக் குழந்தையா?"

"சரி. வேற ஒண்ணும் என்கிட்ட சொல்ல வேண்டியது இல்லையே?"

"இல்லையே."

வீப்கே கோப்பையைக் காலி செய்தாள். பிறகு எழுந்துபோய், சமையலறை நாட்காட்டியில் வியாழக்கிழமைக் கட்டத்தில் "நோதார் — பல்" என்று பேனாவால் எழுதினாள். அவள் பென்சிலால் எழுதினால் மாறக்கூடிய விஷயம். பேனாவால் எழுதினால் நடந்தே தீரும். நோதார் அதைக் கவனிக்கவில்லை. பொய் இவ்வளவு சுலபமாக விற்றுப்போனதே என்ற மிதப்பில் இருந்தான்.

செவ்வாய்க்கிழமை அவள் வேலைக்குப் போயிருந்தபோது ஃபைலைத் திறந்து, வேண்டிய தாள்களை உருவி ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டான். "வீடு" என்ற சீட்டுக்குக் கீழே இருந்ததில் மேல் தாளை எடுத்தான். அது வாடகை ஒப்பந்தமாகத்தான் இருக்க வேண்டும். படித்துப் பார்த்து உறுதிசெய்வதெல்லாம் வீப்கே செய்கிற வேலை.

வியாழக்கிழமை காலை இஸ்திரி போட்ட சட்டையோடு கிளம்பினான்.

"பல் டாக்டருக்கு எதுக்குப் பாஸ்போர்ட்? பாக்கெட்ல துருத்திக்கிட்டு இருக்கு."

"அடையாளம் கேப்பாங்கல்ல."

"ஆமாமா. பல்லு உன்னுதுதானான்னு பாக்கணும்ல" என்று சொல்லி, வீப்கே அவன் காலரைச் சரிசெய்து அனுப்பினாள்.

சைக்கிளை மிதித்துக்கொண்டு போகும்போது நோதாருக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. ஜெர்மன் மொழியில் ஏழு வாக்கியம் தயாராக வைத்திருந்தான். ஏழிலும் வினைச்சொல் சரியான இடத்தில் இருந்தது.

பத்தே காலுக்கு அழைப்பு வந்தது. மேஜைக்கு அந்தப்பக்கம் இருந்தவர் திருமதி ஹார்ம்ஸ். சாந்தமான அம்மாள். நோதார் ஏழு வாக்கியத்தையும் சொல்லி முடித்தான். அவர் தலையசைத்துக்கொண்டே தாள்களைப் புரட்டினார். பாஸ்போர்ட் சரி. மொழித் தேர்வுச் சான்றிதழ் சரி. வேலைச் சான்று சரி. அடுத்த தாளில் கை நின்றது.

"இது என்னங்க?"

"வாடகை ஒப்பந்தம், மேடம்."

"இது வாஷிங் மெஷின் உத்தரவாதச் சீட்டு. அதுவும் போன மாசத்தோட முடிஞ்சுபோச்சு."

நோதார் பிளாஸ்டிக் பையைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தான்.

"பரவாயில்ல, ஒப்பந்தத்த அப்புறம் அனுப்புங்க. உங்க மனைவி எங்க?"

"மருந்துக் கடையில. வேலையில."

"கடிதத்துல எழுதியிருந்தோமே."

"எங்க எழுதியிருந்தீங்க?"

"பின்பக்கம்."

நோதார் சட்டைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்தான். பூட்ஸ் வாசனை இன்னும் போகவில்லை. முதல்முறையாகத் திருப்பிப் பார்த்தான். கொட்டை எழுத்தில் இருந்தது: கணவன் மனைவி இருவரும் நேரில் வந்து, ஒரே வீட்டில் சேர்ந்து வாழ்வதாக அதிகாரி முன் கையெழுத்திட வேண்டும்.

ஃபைலில் இருந்து இத்தனையும் உருவிக்கொண்டு வந்தவன், வீட்டிலேயே விட்டுவிட்டு வந்த முக்கியமான பத்திரம் அவன் பெண்டாட்டி.

"வேற நாள் குடுங்க, மேடம். நாளைக்கு?"

ஹார்ம்ஸ் கணினியைப் பார்த்தார். "ஆறு வாரம் கழிச்சுத்தான் இடம் இருக்கு."

திங்கட்கிழமை ஏழு மணி நோதாரின் கண்முன் வந்து நின்றது. அவன் இடத்தில் வேறொருவன் பஸ்ஸுக்கு அடியில் படுத்திருந்தான். கோச்சா அவனிடம் ரத்த குரூப் கேட்டுக்கொண்டிருந்தான்.

"நீங்க இங்க வந்திருக்கிறது உங்க மனைவிக்குத் தெரியுமா?"

பொய் சொல்லக்கூடாத இடம். "தெரியாது."

ஹார்ம்ஸ் பேனாவை எடுத்தார். "கடைசியா எப்ப பேசினீங்க?"

"இன்னிக்குக் காலையில."

"எதைப் பத்தி?"

"பல்லைப் பத்தி."

"நீங்க இப்ப எங்க இருக்கிறதா அவங்க நினைச்சிட்டு இருக்காங்க?"

"பல் டாக்டர்கிட்ட."

ஹார்ம்ஸ் பேனாவைக் கீழே வைத்தார். "பாருங்க, பிரிஞ்சு இருக்கிறவங்க இங்க வந்து சேர்ந்து இருக்கோம்னு சொல்லுவாங்க. அதைக் கண்டுபிடிக்கிறதுதான் என் வேலை. உங்களை மாதிரி ஒருத்தரை இன்னிக்குத்தான் பாக்குறேன். போன் போடுங்க. ஸ்பீக்கர்ல."

நோதார் எண்ணை அழுத்தினான். அதே நேரம் கதவுக்கு வெளியே ஒரு போன் மணி அடித்தது. வீப்கேயின் போனும் இதே பாட்டுதான் பாடும். அவசரத்தில் இருக்கிறவனுக்குப் அக்கம்பக்கத்துச் சத்தமெல்லாமா காதில் ஏறும்? யாரோ என்று விட்டுவிட்டான்.

"வீப்கே... நான்தான்."

"என்னாச்சு? பிடுங்கிட்டாங்களா?"

"இன்னும் இல்ல... அது வந்து..." உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தான். பதினைந்து நாள் மறைத்த பழக்கம் விடவில்லை. "கொஞ்சம் சிக்கலான பல்லாம்."

ஹார்ம்ஸ் கண்ணாடியைக் கழற்றினார்.

"எந்தப் பல்லு?"

"இடது பக்கம். மேல."

"ஞாயித்துக்கிழமை வலது பக்கம் கீழன்னு சொன்ன?"

"பரவிடுச்சு."

"ஐயோ பாவம். டாக்டர் பக்கத்துல இருக்காங்களா?"

நோதார் ஹார்ம்ஸைப் பார்த்தான். "இருக்காங்க."

"அவங்ககிட்ட சொல்லு. நீ உள்ள போறதுக்கு முன்னாலேருந்தே நான் வெளியில காப்பி மெஷினுக்குப் பின்னால உக்காந்திருக்கேன். வாடகை ஒப்பந்தமும் என்கிட்டதான் இருக்கு. எப்ப கூப்பிடுறாங்களோ அப்ப வரேன்."

கதவு திறந்தது. கையில் பச்சை ஃபைலோடு வீப்கே நின்றாள்.

நோதாருக்கு முதலில் வெட்கம் வரவில்லை. அது அப்புறம் சாவகாசமாக வந்தது. முதலில் வந்தது நிம்மதிதான். கண்ணில் தண்ணீர் முட்டி, அந்தப் பச்சை ஃபைலைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்கலாம் போல இருந்தது.

ஹார்ம்ஸ் வீப்கேயிடம் கேட்டார். "நீங்க ரெண்டு பேரும் சேர்ந்துதான் வாழுறீங்களா?"

"நீங்களே சொல்லுங்க மேடம். சேர்ந்து வாழாதவகிட்ட இந்த ஆளு எதுக்கு இவ்வளவு கஷ்டப்பட்டுப் பொய் சொல்லணும்?"

ஹார்ம்ஸ் வாய்விட்டுச் சிரித்தார். முத்திரை விழுந்தது. அட்டை தபாலில் வர நாலு வாரம் ஆகும், அதுவரைக்கும் இந்தக் காகிதம் போதும், எந்த வேலையும் செய்யலாம் என்று சொல்லி ஒரு தாளை நீட்டினார். அவர் காட்டிய இடத்திலெல்லாம் நோதார் கையெழுத்துப் போட்டான். வீப்கே தன் கையெழுத்தைப் போட்டுவிட்டு, மடியில் ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டு வேறெதையோ எழுதிக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்ததும் காற்றே இனிப்பாக இருந்தது.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கும் அதே கடிதம் வந்துச்சு. பதினஞ்சு நாளா நீ எப்ப சொல்லப்போறன்னு உன் வாயையே பாத்துக்கிட்டு இருந்தேன்."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? உயிரே போயிருச்சு எனக்கு."

"கேட்டேனே. சொல்ல வேண்டியது ஒண்ணும் இல்லன்னு சொன்ன."

நோதார் விடவில்லை. "நீ இல்லாம என்னால முடியாதுன்னு காட்டத்தானே இப்படிப் பண்ண?"

"இல்ல." வீப்கே சைக்கிள் பூட்டைத் திறந்தபடி சொன்னாள். "தனியா போகணும்னு உனக்கு ஆசை. கொஞ்ச நேரமாவது போகட்டும்னு விட்டேன். நீ தோளை நிமித்திக்கிட்டு அந்தக் கதவுக்குள்ள போனத மெஷினுக்குப் பின்னாலேருந்து பாத்தேன். நல்லா இருந்துச்சு நோதார். நிஜமா."

நோதார் தன் சைக்கிளையும் எடுத்தான். இனி இவளிடம் ஒரு பொய்யும் சொல்வதில்லை என்று தன் இரண்டாவது பெரிய முடிவை எடுத்தான்.

"வா, கேக் சாப்பிடலாம். நான் வாங்கித் தரேன்."

"கேக்கு அப்புறம். முதல்ல என் பின்னாலயே வா."

நாலு தெரு தாண்டி, ஒரு வெள்ளைக் கட்டடத்தின் முன் அவள் சைக்கிளை நிறுத்தினாள். நோதார் பலகையைப் படித்தான். படித்ததும் சைக்கிளைத் திருப்பினான். அவள் அவன் பின்சக்கரத்துக்குக் குறுக்கே நின்றுகொண்டாள்.

"பதினொண்ணே முக்காலுக்கு உன் பேருக்கு நேரம் வாங்கி வச்சிருக்கேன். திங்கக்கிழமையே."

"அது... அது நான் சும்மா சொன்னதும்மா!"

"எனக்கு எப்படித் தெரியும்? வலி தாங்கலன்னு நீதானே சொன்ன? நாட்காட்டியில கூட எழுதிட்டேன். அதுவுமில்லாம, நிரந்தர அனுமதி வரட்டும், அப்புறம் பல்லைப் பாத்துக்கலாம்னு ரெண்டு வருஷமா யாரு சொன்னது? வந்தாச்சு."

நோதார் சைக்கிளைப் பூட்டினான். உள்ளே போனான். வரவேற்பு மேஜையில் வீப்கே ஃபைலைத் திறந்து, பூர்த்தி செய்த படிவம் ஒன்றை உருவி அவன் கையில் கொடுத்தாள். பெயர், பிறந்த தேதி, ரத்த குரூப் எல்லாம் அவள் கையெழுத்தில் கச்சிதமாக இருந்தன. கையெழுத்துப் போடப் போனவன் நின்றான். ஒரே நாளில் இரண்டு முறை ஏமாற அவன் தயாராக இல்லை. தாளைத் திருப்பிப் பார்த்தான்.

பின்பக்கத்தில், "வலி எந்தப் பல்லில்?" என்ற கேள்விக்கு எதிரே, மை இன்னும் புதுசாக இருந்தது: "ஞாயிற்றுக்கிழமை வலது கீழ். இன்று பத்தரைக்கு இடது மேல். பரவிக்கொண்டிருக்கிறது, எல்லாவற்றையும் பார்க்கவும்."