இறக்கைக்கு அடியில் ஒரு கறை

சத்தியநேசன் இதுவரை வரைந்த கறைகளிலேயே நன்றாக வந்தது மாமனாரின் விமானத்தில் இருந்த எண்ணெய்க் கறைதான். மாமனார் முதலில் எடுக்கச் சொன்னதும் அதைத்தான்.

"மத்ததெல்லாம் நல்லாயிருக்கு மாப்ளே. இறக்கைக்கு அடியில அந்தக் கறைய மட்டும் எடுத்துருங்க" என்றார் ஜான். சொல்லிவிட்டுத் தோளில் கிடந்த துண்டால் கம்ப்யூட்டர் திரையை ஒரு தரம் துடைத்தார். அப்படித் துடைத்தால் போகாது என்பது அவருக்கும் தெரியும். ஆனாலும் இன்னொரு தரம் துடைத்தார்.

போடியில் ஏலக்காயை நம்பாமல் பிழைக்கிற சிலரில் சத்தியநேசனும் ஒருவன். பழைய போர் விமானங்களைக் கம்ப்யூட்டரில் வரைந்து வெளிநாட்டுப் புத்தகக்காரர்களுக்கு அனுப்புவது அவன் தொழில். விமானத்தை யார் வேண்டுமானாலும் வரையலாம் என்பான். வெயிலில் வெளுத்த பெயிண்ட், பூட்ஸ் கால் பட்டு உரிந்த இடம், உரிந்த இடத்தில் எட்டிப் பார்க்கிற அலுமினியம், புகை படிந்த கரி, இதையெல்லாம் தொட்டால் கையில் ஒட்டும் என்கிற மாதிரி வரைவதில்தான் அவனுக்குப் பெயர். வீட்டில் ஒரு தூசி தட்டத் தெரியாத மனுஷன், விமானத்தில் மட்டும் தூசியை ஒவ்வொன்றாக எடுத்து வைப்பார் என்று அவன் மனைவி ரெபேக்காள் சொந்தக்காரர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தாள்.

இந்தப் படம் அவள் ஏற்பாடு. அப்பாவுக்கு எண்பது வயது முடிகிறது. வாலிபத்தில் விமானப்படையில் மெக்கானிக்காக இருந்தவர். அவருடைய டிரங்குப் பெட்டியில் ஒரு கறுப்பு வெள்ளைப் போட்டோ கிடந்தது. ஒரு விமானம், அதன் முன்னால் இளைஞரான ஜான், பக்கத்தில் பிரதீப் என்ற பைலட். அந்தப் போட்டோ எடுத்த அன்று மத்தியானமே விமானம் மேகத்துக்குள் மாட்டி மலையில் மோதிவிட்டது, பிரதீப் திரும்பவில்லை. வீட்டில் எல்லோருக்கும் தெரிந்தது அவ்வளவுதான். அதைப் பெரிதாக, வண்ணத்தில் வரைந்து பிறந்தநாளுக்கு மாட்டலாம் என்றாள் ரெபேக்காள். ஜான் வேண்டாம் என்று மூன்று தரம் சொன்னார். கூச்சப்படுகிறார் என்று விட்டுவிட்டார்கள்.

சத்தியநேசன் கறையை எடுத்தான். எடுத்த இடம் மட்டும் பளிச்சென்று தனியாகத் தெரிந்தது. அதை மறைக்க இறக்கை முழுவதையும் சுத்தம் செய்தான். இப்போது இறக்கை புதுசு, உடம்பு பழசு. உடம்பையும் துடைத்தான். கரி போனது, உரிந்த பெயிண்ட் ஒட்டிக்கொண்டது, அலுமினியம் எவர்சில்வர் ஆனது. கடைசியில் ரெபேக்காள் வந்து பார்த்து, அப்பா ஏன் திருவிழாக் கடை பொம்மைக்குப் பக்கத்தில் நிற்கிறார் என்று கேட்டாள்.

ஜானுக்கு மட்டும் திருப்தி. இனி மாற்றம் இல்லை என்பதற்காக, வாடிக்கையாளர்களிடம் கேட்பது போலவே ஒரு மாதிரிப் பிரதி எடுத்து, சம்மதம் என்று அதில் கையெழுத்துப் போடச் சொன்னான் சத்தியநேசன். ஜான் ஸ்டாம்பு பேடு கேட்டார்.

வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். இது அவர்களுக்குப் பழகிய வேடிக்கை. தினமும் இரண்டு பேப்பர் படிக்கிற மனுஷன், எங்கே கையெழுத்துக் கேட்டாலும் கட்டைவிரலை நீட்டுவார். பேத்தி ஸ்வீட்டியின் பள்ளிக்கூட ரிப்போர்ட்டில்கூட ஒரு தரம் ரேகை வைக்க, டீச்சர் ஆள் அனுப்பி விசாரித்தார். பட்டாளத்துக் குசும்பு என்று சொல்லிக்கொள்வார்கள். சத்தியநேசனும் சிரித்துக்கொண்டேதான் ரேகை வாங்கினான்.

ஆனால் அந்தப் பொம்மையை அச்சுக்கு அனுப்ப அவனுக்கு மனசு வரவில்லை. நாலு பேர் வருகிற இடத்தில் இதையா தன் வேலை என்று காட்டுவது? பெரிதாக்கிப் பார்த்தால் மாமாவே ஒத்துக்கொள்வார் என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டு, கறையுள்ள முதல் படத்தைத் தேனி அச்சகத்துக்கு அனுப்பினான். போகிற போக்கில் அந்தக் கறைக்கு இன்னும் கொஞ்சம் மினுமினுப்பும் சேர்த்தான். அந்த ஒரு காரியத்துக்காகப் பின்னால் அவன் வருந்தாத நாள் இல்லை.

பிறந்தநாளன்று பாஸ்டர் வந்து ஜெபம் முடித்தார். பிரியாணி பந்தி நடந்துகொண்டிருந்தது. ஜானின் தோட்டத்து ஏலக்காயை மேட்டிலிருந்து ஜீப்பில் இறக்குகிற முத்துப்பாண்டிதான் தேனியில் ஃபிரேம் போட்ட படத்தை வாங்கி வந்து, காகிதத்தைப் பிரித்து ஆணியில் மாட்டினான். பார்த்தவர்கள் தொட்டுப் பார்க்கலாம் போலிருக்கிறது என்றார்கள். பாஸ்டர் நிஜமாகவே தொட்டுப் பார்த்தார்.

ஜான் தோளிலிருந்து துண்டை எடுத்தார். படத்தின் அருகே போனார். துடைக்காமல் மறுபடி தோளில் போட்டுக்கொண்டார்.

அந்த முகத்தைப் பார்த்ததும் சத்தியநேசனுக்கு உறுத்தியது. அதோடு வாயை மூடியிருக்கலாம். அவனோ தன் பக்க நியாயத்தை எல்லோருக்கும் விளக்க ஆரம்பித்தான். இது தானாகச் சேர்த்த கறை இல்லை, போட்டோவில் இருக்கிறது, பழைய எண்ணெய் என்றால் தூசி ஒட்டி மங்கிப்போயிருக்கும், இதில் வெளிச்சம் பட்டு மினுங்குகிறது, ஆகையால் இது ஈரம் என்று விரல் வைத்துக் காட்டினான்.

முத்துப்பாண்டி கையில் தட்டோடு பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தான். தினமும் போடிமெட்டு வளைவுகளில் பிரேக்கை நம்பி இறங்குகிறவன்.

"அச்சா அப்படியே போட்டிருக்கீகண்ணே. இது புது ஒழுக்குதேன். பிரேக் ஆயிலு இப்படிக் கசிஞ்சா நான் ஜீப்ப எடுக்கவே மாட்டேன்" என்றான். வாயில் இருந்ததை மென்று விழுங்கிவிட்டு, சும்மா தெரிந்துகொள்ளக் கேட்டான். "இதப் பாத்துட்டும் வண்டிய மேல விட்டது எவன்ணே?"

சத்தியநேசன் இன்னும் விரலைப் படத்திலிருந்து எடுக்கவில்லை. ஜான் அந்த விரலை மெதுவாகப் பிடித்து விலக்கினார்.

"நான்தேன் அப்பு" என்றார். "துடைச்சேன், மறுபடி கசியல. எல்லாம் சரியா இருக்குன்னு எழுதி, கீழ கையெழுத்துப் போட்டேன். நான் போட்ட கடைசிக் கையெழுத்து அதுதேன்."