நலம்விரும்பியின் நாலு வரி

புகார்ப் பெட்டிக்குள் ஒரு புகார் கிடந்தது.

செயலாளர் அதை எதிர்பார்க்கவில்லை. திங்கட்கிழமை சோதனை அதிகாரி வரப்போகிறார் என்பதற்காக ஆபீஸை ஒட்டடை அடித்துக்கொண்டிருந்தவர், அந்தக் கையோடு பெட்டியையும் துடைத்துவைக்கத் திறந்தார். உள்ளே கோடு போட்ட தாளில், குண்டு குண்டான எழுத்தில் நாலு வரி.

'ஐயா, நமது சங்கத்தின் உறுப்பினர் ஒருவர் தடை செய்யப்பட்ட பூச்சிமருந்தை மறைவாகப் பயன்படுத்துவதாக அறிகிறேன். இதனால் சங்கத்தின் நற்பெயர் கெடும். தக்க நடவடிக்கை எடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். இப்படிக்கு, நலம்விரும்பி.'

செயலாளர் வாசலை ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி படித்தார்.

இருபத்து மூன்று பேர் சேர்ந்து நடத்தும் சின்னக் காப்பிச் சங்கம் அது. பழம் நன்றாகச் சிவந்தால்தான் பறிப்பார்கள். நிழல் மரத்தில் கத்தி படாது. பழம் கழுவின தண்ணீரை ஓடையில் விட மாட்டார்கள். மருந்து என்ற பேச்சே கிடையாது. இந்தச் சுத்தத்துக்காகவே கடல் தாண்டி ஒருவர் இவர்கள் காப்பியைக் கேட்டு வாங்குகிறார். வருஷா வருஷம் சோதனை அதிகாரி வந்து பார்த்துத் தரும் சான்றிதழ் போனால் அவரும் போய்விடுவார். பன்னிரண்டு வருஷப் பாடு மண்ணாகிவிடும்.

யாராக இருக்கும்?

யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. மனைவியின் தம்பிதான். போன அறுவடையில் மற்றவர்கள் மரத்தில் இலைக்கு நடுவே பழம் தெரிந்தது என்றால், மச்சான் மரத்தில் பழத்துக்கு நடுவே இலையைத் தேட வேண்டியிருந்தது.

செயலாளர் கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் ஒளித்தார். சட்டையை வீட்டில் கழற்றிப் போட்டார். அதுதான் அவர் செய்த முதல் தப்பு.

"என்னங்க, யாரு இந்த நலம்விரும்பி?" என்று ஈரக் கையோடு வந்து நின்றாள் மனைவி.

"அது ஆபீஸ் கடுதாசி. குடு இங்க."

"ஆபீஸ் கடுதாசின்னா ஆபீஸ்ல இருக்கணும். எதுக்குச் சட்டைக்குள்ள ஒளிச்சீங்க?" அவள் இன்னொரு முறை படித்தாள். முகம் மாறியது. "என் தம்பின்னு நினைச்சுட்டீங்க. அதானே?"

"நான் ஒண்ணுமே சொல்லலையே!"

"நீங்க சொல்லாததுதான் எனக்கு நல்லாக் கேக்குது."

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போனாள். தம்பி கோபத்தோடு பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் போனான். பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கு ஊரில் பெயரே ரேடியோ. அதற்குமேல் யாரும் எங்கேயும் போக வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் காலையில் மற்ற இருபத்து இரண்டு உறுப்பினர்களும் ஆபீஸ் வாசலில் நின்றார்கள்.

"கடுதாசியை ஏண்ணே ஒளிச்சீங்க?" என்றார் ரேடியோ. "மச்சானைக் காப்பாத்தவா?"

"மாமாவா என்னைக் காப்பாத்துறவரு?" என்று பாய்ந்தான் மச்சான். "என்னை மாட்டிவிட அவரே எழுதிப் போட்டிருந்தாலும் ஆச்சரியமில்ல!"

எதையும் மறைக்கவில்லை என்று காட்டுவதற்காகச் செயலாளர் கடிதத்தை உரக்கப் படித்தார். 'உறுப்பினர் ஒருவர்' என்ற இடத்தில் மூச்சு வாங்க நிறுத்தினார். அந்த இடைவெளியில் இருபத்து மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். படித்து முடித்தபோது, பன்னிரண்டு வருஷமாக ஒரே களத்தில் காப்பி காயவைத்தவர்கள் நாலடி தள்ளி நின்றுகொண்டிருந்தார்கள்.

"சரி, சண்டை வேண்டாம்," என்றார் செயலாளர். "ஒவ்வொருத்தரும் பக்கத்துத் தோட்டத்தைக் கவனிச்சுக்குங்க. மடியில கனமில்லாதவங்க பயப்பட வேண்டியதில்ல."

விளைவு, வெள்ளிக்கிழமை ஒருவரும் தன் தோட்டத்தில் இல்லை. எல்லாரும் அடுத்தவர் தோட்டத்து மரத்துக்குப் பின்னால் இருந்தார்கள். பழம் பறிக்க ஆளில்லை.

ரேடியோ முதுகில் தெளிப்பானோடு பிடிபட்டார். "வேப்பெண்ணெய்தாங்க" என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். பிடித்தவர்கள் நம்பவில்லை. ரோஷம் பொறுக்காமல் ஒரு மடக்குக் குடித்துக் காட்டினார். அதற்கப்புறம் அவர் வாயிலிருந்து விக்கலைத் தவிர வேறு செய்தி வரவில்லை. ஊர் கொஞ்சம் அமைதியாக இருந்தது.

செயலாளர் மச்சானின் தோட்டத்தில் பலா மரத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்தார். மச்சான் ஒரு மூடின வாளியோடு வந்தான். இடமும் வலமும் பார்த்தான். வாளியை ஒரு புதருக்குள் வைத்துவிட்டு நகர்ந்தான்.

செயலாளர் பதுங்கிப் போய் மூடியைத் திறந்து, ஆதாரம் கிடைத்த சந்தோஷத்தில் நன்றாக இழுத்து முகர்ந்தார்.

கண் இருட்டிக்கொண்டு வந்தது. உட்கார்ந்துவிட்டார்.

"மீன் கழிவும் வெல்லமும் மாமா," என்றான் மச்சான், தலைக்கு மேலே நின்று. "நாப்பது நாள் ஊறவச்சது. மரத்துக்கு நல்ல சத்து. நாத்தத்துக்குப் பயந்துதான் யாருக்கும் காட்டல."

"நல்லா வேணும்!" என்று அடுத்த மரத்துக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. செயலாளரின் மனைவி. அவர் தன் தம்பியை வேவு பார்க்கிறாரா என்று அவள் காலையிலிருந்து அவரை வேவு பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று அவருக்குச் சாப்பாடு திண்ணையில் கிடைத்தது, பேச்சு மட்டும் கிடைக்கவில்லை. அந்த நாற்றத்தோடு அவரால் சாப்பிடவும் முடியவில்லை.

சனிக்கிழமை செயலாளர் வேறு வழியில் போனார். மருந்தடிப்பவனைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால் எழுதினவனைக் கண்டுபிடிப்போம். அவனுக்குத்தான் எல்லாம் தெரியும். உறுப்பினர்கள் அத்தனை பேரையும் ஆபீஸுக்குள் கூப்பிட்டு உட்கார வைத்தார். மூலையில் உட்கார்ந்து, கெட்டுக் கறுத்த காப்பிக் கொட்டையைக் கூலிக்குப் பொறுக்கிக்கொண்டிருந்த அக்காவை, "உறுப்பினர் விஷயம், கொஞ்சம் வெளிய இருங்கக்கா" என்று அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார். கோடு போட்ட நோட்டிலிருந்து ஆளுக்கொரு தாள் கிழித்துக் கொடுத்தார்.

"நான் சொல்றதை அப்படியே எழுதுங்க. கையெழுத்தைப் பாத்தா தெரிஞ்சிடும்."

"நீங்களும் எழுதணும், விக், அண்ணே," என்றார் ரேடியோ. செயலாளரும் ஒரு தாளை எடுத்துக்கொண்டார்.

"...பூச்சிமருந்தை மறைவாகப் பயன்படுத்துவதாக..."

"மறைவாகவுக்குச் சின்ன 'ர'வா, பெரிய 'ற'வா?"

"யாரும் கேக்கக் கூடாது! தெரிஞ்சபடி எழுதுங்க!"

"சின்னதுதான் போடுறேன். மறைவா இருக்கணும்ல."

அங்கே ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவரும் உறுப்பினராக இருந்தார். அக்கம்பக்கத்துத் தாள்களை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே வந்த மனிதருக்குப் பொறுக்கவில்லை. "வல்லினம்! வல்லின றன்னகரம்... சே, றகரம்!" என்று கத்திவிட்டார்.

எல்லாரும் அவசர அவசரமாக அடித்துத் திருத்தினார்கள். தாள்களை வாங்கிப் பார்த்தபோது, அடித்தல் திருத்தல் இல்லாமல் இருந்தது வாத்தியாருடையது மட்டும்தான். நலம்விரும்பியின் கடிதத்திலும் ஒரு பிழைகூட இல்லை.

"அப்போ நீங்கதானா!" என்றான் மச்சான்.

"பிழையில்லாம எழுதினது ஒரு குத்தமா?" வாத்தியார் எழுந்தார். "நான் சங்கத்தை விட்டே போறேன்!"

அவரைப் பிடித்து நிறுத்த நாலு பேர் எழுந்ததில் மேஜை சாய்ந்தது. மின்விசிறிக் காற்றில் தாள்கள் பறந்தன. பொறுக்கி அடுக்கினபோது மொத்தம் இருபத்து நாலு இருந்தன. எல்லாம் ஒரே நோட்டுத் தாள். பாதிக்குமேல் குண்டு எழுத்து. எது அசல், எது நகல் என்று பிரித்துப் பார்க்கச் செயலாளருக்குப் பொறுமை இல்லை. ஒரு புகாரோடு இருந்த சங்கத்தில் இப்போது இருபத்து நாலு புகார் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அதையெல்லாம் கொளுத்தத் தீப்பெட்டி எடுத்தார்.

"குப்பை எரிக்கக் கூடாதுன்னு தீர்மானம் இருக்கு மாமா," என்றான் மச்சான். "கீழ உங்க கையெழுத்துதான்."

"உரக்குழியில போட்டா?"

"பேனா மை ரசாயனம், விக்," என்றார் ரேடியோ.

கடைசியில் கட்டாக மடித்துப் பெட்டிக்குள்ளேயே திணித்துப் பூட்டினார். பிறகு எல்லாரும் தோட்டத்துக்கு ஓடினார்கள். இரண்டு நாள் பறிக்காத பழம் கனிந்து தொங்கியது. ஒருவர்மேல் ஒருவருக்கு நம்பிக்கை இல்லாததால் வரிசையாக நின்று, ஒவ்வொரு தோட்டமாக எல்லாரும் சேர்ந்தே பறித்தார்கள். பக்கத்து ஆள் கையைப் பார்த்துக்கொண்டே பறித்ததில், ஒரு பச்சைக் காய்கூட யாருடைய கூடையிலும் விழவில்லை. வாத்தியாரும் வந்திருந்தார். யாரோடும் பேசாமல் பறித்தார்.

திங்கட்கிழமை வந்த சோதனை அதிகாரி கண்ணாடி போட்ட ஒரு அம்மாள். தோட்டங்களைச் சுற்றினார். மண் எடுத்தார், இலை கிள்ளினார், களத்தில் பழத்தை அள்ளிப் பார்த்தார். முகத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை. கடைசியில் ஆபீஸுக்குள் வந்து, நேராகப் பெட்டியைத் தட்டினார்.

"திறங்க."

செயலாளர் சாவி தேடுவதுபோல் நடித்தார். மனைவி ஜன்னலுக்கு வெளியே நின்று, "இடுப்புலதான் இருக்குங்க!" என்று குரல் கொடுத்தாள். வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் அவள் அவரோடு பேசின முதல் பேச்சு அதுதான்.

பெட்டி திறந்ததும் இருபத்து நாலும் பொலபொலவென்று கொட்டின. அந்த அம்மாள் ஒவ்வொன்றாகப் படித்தார். பத்தாவது தாளில் அவர் உதட்டோரம் லேசாக அசைந்ததுபோல் இருந்தது. செயலாளருக்கு அது நல்லதாகப் படவில்லை.

"உறுப்பினர் இருபத்து மூணு பேர். புகார் இருபத்து நாலு," என்றார் அவர். "நடவடிக்கை எடுத்தீங்களா?"

"எடுத்தோம்மா!" என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். ரேடியோ மட்டும் "விக்" என்றார்.

"தோட்டத் தோட்டமா சோதிச்சோம்."

"நான் குடிச்சே காட்டினேம்மா."

"மாமா மோந்தே பாத்தாரு."

அவர் எல்லாவற்றையும் நிதானமாக எழுதிக்கொண்டார். பிறகு பேனாவை மூடினார்.

"போன வருஷம் இந்தப் பெட்டி காலியா இருந்துச்சு. இங்க வாயைத் திறக்க எல்லாரும் பயப்படுறாங்கன்னு எழுதி, மார்க்கைக் குறைச்சேன். இந்த வருஷம் அந்தக் குறை இல்ல. தோட்டத்துலயும் ஒரு குத்தமும் இல்ல. சான்றிதழ் தபால்ல வரும்."

ஜீப் திருப்பத்தில் மறையும்வரை யாரும் மூச்சு விடவில்லை. மறைந்ததும் மச்சான் செயலாளரைத் தூக்கியே விட்டான். ரேடியோ வாத்தியாரின் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். விக்கல் நின்றுபோயிருந்தது. வாத்தியார், "'ற'வை மறக்காம இருந்தாச் சரி" என்று சிரித்துவிட்டார்.

செயலாளர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் பார்வை முகம் முகமாகப் போய்வந்தது.

"எல்லாம் சரி. அந்த முதல் கடுதாசியைப் போட்டது யாரு?"

"நான்தான் சார்," என்றார் மூலையிலிருந்த அக்கா, முறத்திலிருந்து தலையைத் தூக்காமலே.

செயலாளர் கிட்டே போய்க் குனிந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"அப்போ உங்களுக்குத் தெரியும். பயப்படாம சொல்லுங்கக்கா. மருந்தடிக்கிறது யாரு?"

"எனக்கென்ன சார் தெரியும்? பெட்டி காலியா இருந்தா மறுபடி மார்க்கு போயிடுமேன்னு, அந்தம்மா போன தடவை குடுத்துட்டுப் போன விதிப் புஸ்தகத்துல கடைசிப் பக்கத்துல 'மாதிரிப் புகார்'னு ஒண்ணு இருந்துச்சு, அதைப் பாத்து எழுதிப் போட்டேன்."