நூற்று நாற்பத்து மூன்று வாழைக்கன்று

அன்று வயலில் இருந்தவர்கள்: சண்முகம் மாமா. அவர் மகள் பேச்சி. பக்கத்து வயல் இசக்கி அண்ணாச்சி. அண்ணாச்சியின் எருமை. நான். என்னைப் பார்த்துச் சிரிக்காதது எருமை மட்டும்தான்.

கல்லிடைக்குறிச்சிக்கு ரயில் வந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். எனக்கு இருபது வயது. பேச்சியைக் கட்டிக்கொள்ள ஆசை. மாமா பிடி கொடுக்கவில்லை. ஒருநாள் வாழைக்கன்றுக் குவியலைக் காட்டினார்.

"ஏலே மருமவனே, நூத்தி நாப்பத்தி மூணு இருக்கு. ஒழுங்கா நட்டுக் காட்டு. பொறவு கல்யாணத்தைப் பேசுவோம்."

ஒழுங்கு என்றால் மாமாவுக்கு ஒன்றுதான். எல்லா வரிசையிலும் ஒரே எண்ணிக்கை. ஒரு வரிசையில் ஒரு கன்று குறைந்தாலும் தோட்டமே குலை தள்ளாது என்பார். (தள்ளும். அவரிடம் யார் சொல்வது?)

நான் பத்தாம் வாய்பாடு வரை படித்தவன். அப்போது காய்ச்சல் வந்தது. பள்ளிக்கூடம் நின்றது. பத்துக்கு மேலும் வாய்பாடு உண்டு என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

வரப்பில் உட்கார்ந்து இரண்டால் வகுத்தேன். ஒன்று மிஞ்சியது. மூன்றால் வகுத்தேன். இரண்டு மிஞ்சியது. பத்து வரை பார்த்தேன். எதுவும் ஒத்துவரவில்லை. சரி, இது ஒரே வரிசையில் நிற்கிற எண் என்று முடிவு செய்தேன்.

வாய்க்கால் ஓரமாக நாலு முழத்துக்கு ஒரு கன்று நட்டேன். எண்பதாவது கன்றோடு மாமாவின் வயல் முடிந்துவிட்டது. கன்று முடியவில்லை. நானும் நிறுத்தவில்லை.

சாயங்காலம் இசக்கி அண்ணாச்சி எருமையோடு வந்தார்.

"எவம்லே என் வயல்ல வாழை வச்சது?"

மாமாவும் பேச்சியும் ஓடிவந்தார்கள். நான் கணக்கைச் சொன்னேன். அண்ணாச்சிக்குக் கோபம் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது.

"இன்னும் நூறு கன்னு குடுத்திருந்தா ரயிலடிக்கே போயிருப்பான்வே!"

மாமா சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். "இவனுக்கா என் பிள்ளையைக் குடுக்க?"

பேச்சி என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "யப்பா, பன்னெண்டு பன்னெண்டு நூத்தி நாப்பத்தி நாலு. ஒண்ணுதான கொறையுது? பதினோரு வரிசை, வரிசைக்குப் பதிமூணு. சரியா வரும். கணக்குக்கு நான் இருக்கேன். அவுகளைத் தோண்டச் சொல்லுங்க."

தோண்டினேன். அத்தனையையும் மறுபடி நட்டேன். தை மாதம் கல்யாணம்.

இன்றும் வீட்டில் விசேஷம் என்றால் பேரப்பிள்ளைகள் கத்துவார்கள்: "தாத்தாட்ட இலையைக் குடுக்காதீங்க. ஆத்தங்கரை வரைக்கும் போட்டுட்டுப் போயிருவாரு!"

போன பொங்கலுக்குச் சாப்பிட வந்த தலைகளை எண்ணினேன். இரண்டிலிருந்து ஒவ்வொன்றாக வகுத்தேன். இந்த முறை பத்தோடு நிற்கவில்லை. எதுவும் ஒத்துவரவில்லை. பேச்சியைக் கூப்பிட்டேன். அவளும் விரல் விட்டுப் பார்த்தாள். ஒரே வரிசையாக இலை போட்டாள்.

பதினேழு.