மைனஸ் பன்னிரண்டும் இருபது தறியும்

ரிசல்ட்காரர்கள் என்று ஓர் இனம் உண்டு. பந்தைத் தொட்டிருக்க மாட்டார்கள், மைதானத்தை எட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் யார் ஜெயித்தார், யார் கோட்டை விட்டார் என்று கேட்டால் மூச்சு விடாமல் ஒப்பிப்பார்கள். கிரிக்கெட்டுக்கு இப்படித் தெருவுக்கு நாலு பேர் கிடைப்பார்கள். கோல்ஃபுக்கு? அதுவும் சோமனூரில்?

கிடைத்தார், திருமலைசாமி. இருபது விசைத்தறியில் துண்டு ஓட்டுகிறவர். புரோக்கர் தயவில்லாமல் ஒரே ஒரு ஏற்றுமதி ஆர்டரையாவது நேராக வாங்கிவிட வேண்டும் என்பது அவர் ஆசை. ஆசை என்ன ஆசை, வெறி. கொடுக்கக்கூடியவர் கோயமுத்தூரில் ஏற்றுமதி ஆபீஸ் வைத்திருக்கும் சுந்தரராஜுலு. அவருக்குக் கோல்ஃப் என்றால் உயிர் என்று எவனோ சொல்லிவிட்டான். போதாதா?

அன்றிலிருந்து நம்மவர் பேப்பரை விளையாட்டுப் பக்கத்திலிருந்து பிரிக்க ஆரம்பித்தார். வாயில் நுழையாத வெள்ளைக்காரப் பெயர்களை பஸ் பாதி வழியில் சூலூர் வருவதற்குள் உருப்போட்டு, ஆபீஸுக்குள் நுழைந்து, சாம்பிள் துண்டு இருக்கும் பையை நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டு, "பாத்தீங்களா சார், நாஞ் சொன்ன ஆளே ஜெயிச்சுப்போட்டானுங்க!" என்பார். எப்போது சொன்னார்? யார் கண்டது! சுந்தரராஜுலு தலையாட்டுவார். காபி வரும். பை பிரிக்கப்படாமலே ஊர் திரும்பும்.

"துண்டக் காட்டுனீங்களா?" என்பாள் மனைவி மயிலாத்தாள்.

"மொதல்ல பழக்கம், அப்பறந்தான் யாவாரம். உனக்கு அதெல்லாம் புரியாது அம்மணி."

மூன்று மாதம் இப்படியே ஓடியது.

சீமையில் பெரிய சாம்பியன்ஷிப் முடிந்த வாரம். அன்று பார்த்து பேப்பர் கைக்குக் கிடைக்கவில்லை. வேறு மனிதனாக இருந்தால் அன்றைக்காவது துண்டைப் பற்றிப் பேசியிருப்பான்.

இவர் ஆபீஸுக்குள் நுழைந்ததுமே சுந்தரராஜுலு, "ஏனுங்க, நம்ம ஆளப் பாத்தீங்களா? மைனஸ் பன்னெண்டு!" என்றார்.

வியாபாரி காதில் மைனஸ் என்றால் என்னவென்று விழும்? நஷ்டம் என்றுதான். திருமலைசாமி எழவு வீட்டுக்கு வந்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார். "மனசத் தளர உட்றாதீங்க சார். போன வாரமே நெனச்சனுங்க, இவன் தேற மாட்டான்னு. அடுத்த வருசம் பிளஸ்ஸுல வந்துருவானுங்க."

"அவந்தானுங்க சாம்பியன். இதுல கொறஞ்ச அடியில முடிச்சவந்தான் ஜெயிப்பான்."

சுந்தரராஜுலு கோபப்படவில்லை. அதுதான் கொடுமை. "மூணு மாசமா வர்றீங்க, ஒரு துண்டக்கூடக் கண்ணுல காட்டல. தறியெல்லாம் வித்துப்போட்டு கோல்ஃப்ல எறங்கிட்டீங்கன்னு நெனச்சனுங்க. நானும் ஆள் தேடித் தேடிப் பாத்துட்டு, போன வாரந்தான் ஆர்டர உங்கூரு கருப்புசாமிக்குக் குடுத்தேன். வந்தாரு, துண்ட மேச மேல போட்டாரு, வெலையச் சொன்னாரு, போய்ட்டாரு."

கருப்புசாமி! கோல்ஃப் பந்தைக் காட்டினால் முட்டை என்று நினைத்து அவித்துத் தரச் சொல்லிக் கேட்கிற கருப்புசாமி! திருமலைசாமி பிரிக்காத பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினார். வீடு வந்ததும் மயிலாத்தாள் வாயைத் திறப்பதற்குள், "அந்த ஆபீஸ்காரருக்குத் துண்டப் பத்தி என்ன தெரியும், போ!" என்று கத்திவிட்டுக் கட்டிலில் விழுந்தார்.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் பையனுக்கு ஒரு வேலை கேட்கலாம் என்று ஒரு பெரிய மனிதர் வீட்டுக்குப் போய், அவருக்குப் பிடித்த சங்கீதத்துக்கு ஒரு மணி நேரம் தப்புத் தப்பாகத் தாளம் போட்டு, தெருவுக்கு வந்து செருப்பை மாட்டும்போதுதான் வந்த காரியம் ஞாபகம் வந்து, 'சரி, அடுத்த தடவை கேட்டுக்கொள்ளலாம்' என்று திரும்பினாரே ஒருவர், அவர் யார் என்று நான் கேட்கப்போவதில்லை. உங்கள் வீட்டில் ஏற்கெனவே கேட்டிருப்பார்கள்.